விழுவதற்கு உயரம் இல்லாதவர்களின் கதை

2024 ஜூன் மூன்றாம் வாரம், கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் பாக்கெட் சாராயம் குடித்தவர்கள் ஒருவர் பின் ஒருவராக அரசு மருத்துவமனைக்குத் தூக்கிவரப்பட்டார்கள். வயிற்றெரிச்சல், வாந்தி, கண் மங்கல். சாராயத்தில் இருந்தது மெத்தனால். கல்லீரல் அதை ஃபார்மிக் அமிலமாக மாற்றும். அந்த அமிலம் பார்வை நரம்பைக் கெடுக்கும், பிறகு உயிரையும் எடுக்கும். 60க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பெரும்பாலும் அன்றாடக் கூலி வேலைக்குப் போகிறவர்கள், தலித் குடும்பத்தினர். பெண்களும் அதில் உண்டு. டாஸ்மாக் குவார்ட்டரைவிடப் பாதிக்கும் குறைந்த விலை என்பதால் பாக்கெட் பக்கம் போனவர்கள்.

இறந்தவர் குடும்பத்துக்குத் தலா 10 லட்சம் ரூபாய் என்று அரசு அறிவித்ததும் ஒரு கேள்வி கிளம்பியது. குடித்துச் செத்தவனுக்கு எதற்குப் பத்து லட்சம்? டீக்கடையிலும் கேட்டேன், குடும்ப வாட்ஸ்அப் குழுவிலும் கேட்டேன். இவர்கள் என்ன சுதந்திரப் போராட்ட வீரர்களா என்கிற தொனியில் உயர் நீதிமன்றத்துக்கு ஒரு மனுவும் போனது. தொகை கூடுதலா குறைவா என்று வாதம் செய்யலாம், தவறில்லை. ஆனால் அந்த வாரம் முழுக்கக் கருணாபுரத்தைப் பற்றி அமைச்சர் பேசினார், எதிர்க்கட்சி பேசியது, மருத்துவர் பேசினார், நாமும் பேசினோம். கருணாபுரத்துக்காரர்கள் பேசியது கேமராவுக்கு முன்னால் அழுத சில நொடிகள் மட்டும்தான்.

இங்கே குடிக்கிறவர்களைக் குறிக்கச் சொற்களுக்குப் பஞ்சமில்லை. 'குடிகாரன்' பழைய சொல். 'குடிமகன்' என்பது தலைப்பு எழுதும் துணையாசிரியரின் சிலேடை, எத்தனை முறை எழுதினாலும் அவருக்கு அலுக்காது. 'மதுப்பிரியர்' என்று ஒன்று வந்திருக்கிறது; இலக்கிய ரசிகர் என்பதுபோல ஒலிக்கும் அந்தச் சொல்லைக் கடை திறக்கும் நேரச் செய்திகளில் பார்க்கலாம். தெருவில் சத்தம் போட்டால் 'போதை ஆசாமி'. ஏசி பாரில் உட்கார்ந்திருந்தால் 'சோஷியல் டிரிங்கர்'. இவை எல்லாமே மற்றவர்கள் வைத்த பெயர்கள். குடித்தவரே தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும் பெயராகத் தமிழில் புழங்குவது, எனக்குத் தெரிந்து, ஒன்றே ஒன்று: 'குடிநோயாளி'. குடியை விட நினைப்பவர்கள், வெளியே பெயர் சொல்லாமல், தங்களுக்குள் கூடிப் பேசும் 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' இயக்கத்தின் கூட்டங்களில், பெயரைச் சொல்லி, "நான் ஒரு குடிநோயாளி" என்றுதான் ஒருவர் பேச்சைத் தொடங்குவார்.

அந்த வாக்கியம் எப்படி உண்டானது என்பதைப் பார்த்தால், அதற்கு எவ்வளவு வலு, எங்கே அது தடுக்கி விழுகிறது, இரண்டும் தெரியும்.

1935 மே மாதம். நியூயார்க் பங்குச் சந்தைத் தரகர் பில் வில்சன், ஒஹையோ மாநிலத்தின் ஏக்ரன் நகரில் ஒரு வியாபாரப் பேச்சு முறிந்துபோன நிலையில் ஓட்டலில் தனியாக நிற்கிறார். குடியை விட்டுச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. பக்கத்திலேயே பார். உள்ளே போகாமல் இருக்க அவர் கண்டுபிடித்த வழி விசித்திரமானது: இந்த ஊரில் என்னைப்போல் இன்னொரு குடிகாரன் இருந்தால் அவனோடு பேச வேண்டும் என்று தொலைபேசியில் தேட ஆரம்பித்தார். அகப்பட்டவர் அறுவை மருத்துவர் பாப் ஸ்மித். பதினைந்து நிமிடத்துக்கு மேல் உட்கார மாட்டேன் என்று சொல்லி வந்த மருத்துவர், மணிக்கணக்கில் எழுந்திருக்கவில்லை. அதுவரை அவருக்கு எல்லாரும் புத்தி சொல்லியிருந்தார்கள். வில்சன் புத்தி சொல்லவில்லை, தன் கதையைச் சொன்னார். அதையும் ஸ்மித்தைக் காப்பாற்றுவதற்காகச் சொல்லவில்லை, தான் குடிக்காமல் இருப்பதற்காகச் சொன்னார். ஸ்மித் கடைசியாகக் குடித்த 1935 ஜூன் 10ஐத்தான் அந்த இயக்கம் தன் பிறந்த நாளாகக் கொண்டாடுகிறது. இந்தியாவுக்கு அது 1957இல் பம்பாய் வழியாக வந்தது.

வள்ளுவர் இதன் பாதியைத் தொட்டிருக்கிறார். கள்ளுண்ணாமை அதிகாரத்தின் கடைசிக் குறளில், குடிக்காமல் இருக்கும் நேரத்தில் இன்னொரு குடிகாரனைப் பார்ப்பவனுக்குத் தன் சோர்வு நினைவுக்கு வராதா என்று கேட்கிறார். அதற்கு முந்தைய குறளிலோ, போதையில் இருப்பவனுக்குக் காரணம் காட்டித் தெளிவிப்பது தண்ணீருக்குள் மூழ்கியவனைத் தீப்பந்தம் கொண்டு தேடுவது போல என்கிறார். அறிவுரை வேலைக்கு ஆகாது, கண்ணாடி வேலைக்கு ஆகலாம். ஏக்ரனில் நடந்ததும் அதுதான்.

கூட்டங்களில் சொல்லப்படும் கதைக்கு ஓர் அச்சு உண்டு. முன்பு எப்படி இருந்தேன், என்ன நடந்தது, இப்போது எப்படி இருக்கிறேன். வேலை போனது, வீடு போனது, மனைவி பிறந்தகம் போனாள், பாதாளத்தைத் தொட்டேன், ஒரு நாள் யாரோ கையைப் பிடித்தார்கள், இன்று ஒரு நாள் மட்டும் குடிக்காமல் இருக்கிறேன். அச்சு நன்றாகத்தான் வேலை செய்கிறது, கோடிக்கணக்கான முறை செய்திருக்கிறது. ஆனால் அதை வார்த்தவர்கள் ஒரு பங்குத் தரகரும் ஓர் அறுவை மருத்துவரும். விழுவதற்கு அவர்களுக்கு ஓர் உயரம் இருந்தது. குடியை நிறுத்தியதும் திரும்பப் போய் உட்கார நாற்காலியும் இருந்தது.

சித்தாள் வேலைக்குப் போகிறவருக்கு இந்த அச்சு சரியாகப் பொருந்தாது. அவர் குடிக்கும் முன்பும் வாடகை வீட்டில்தான் இருந்தார். குடித்த பத்து வருஷமும் கந்துவட்டி கட்டினார், நிறுத்திய பிறகும் கட்டுகிறார். வாய் நாற்றமும் கை நடுக்கமும் போயிருக்கும், பிள்ளைகள் பயமில்லாமல் தூங்கும். அது சின்ன விஷயமில்லை. ஆனால் தெருவில் போகிறவர் கண்ணுக்கு எதுவும் தெரியாது. பணக்காரர் திருந்தினால் கார் திரும்பி வரும், பெயர் திரும்பி வரும், ஊர் பார்க்கும். ஏழை திருந்தினால் பழைய ஏழ்மை அப்படியே நிற்கும், அதைப் பார்த்து ஊர் "இன்னும் குடிக்கிறான்போல" என்று நினைத்துக்கொள்ளும். குடியை ஏழ்மைக்குக் காரணமாகவும், ஏழ்மையைக் குடிக்கு அத்தாட்சியாகவும் பார்த்துப் பழகிவிட்ட கண் அது.

என் வீட்டிலேயே இதற்கு உதாரணம் உண்டு. பெரியப்பா ஒருவர் நல்ல உத்தியோகத்தில் இருந்தார். மாலையில் அவர் அறைக்கதவு சாத்தியிருக்கும். யாராவது கேட்டால் "பிரஷர், ரெஸ்ட் எடுக்கிறார்" என்று பெரியம்மா சொல்வார். அதே தெருமுனையில் ஒரு கொத்தனார் சில நாள் வேட்டி நழுவிக் கிடப்பார்; பள்ளிக்கூடம் விட்டு வரும் நாங்கள் 'தண்ணி வண்டி' என்று கத்திக்கொண்டே ஓடுவோம். இருவரும் ஏறக்குறைய ஒரே காலத்தில், கல்லீரல் கெட்டுத்தான் இறந்தார்கள். பெரியப்பாவின் காரிய அட்டையில் 'உடல்நலக் குறைவால்' என்று அச்சடித்திருந்தோம். கொத்தனாருக்கு அட்டை ஏது?

அதனால் 'அனுபவத்தைப் பகிர்தல்' என்பது எல்லாருக்கும் ஒரே காரியமல்ல. கதவு உள்ளவருக்கு அது கதவைத் திறப்பது. கதவே இல்லாதவரைத் தெரு ஏற்கெனவே பார்த்துவிட்டது, சிரித்துவிட்டது, இன்றைக்குப் படமும் எடுத்துவிட்டது. அவர் செய்ய வேண்டியிருப்பது, தன்னைப் பற்றி ஊர் சொல்லிக்கொண்டிருக்கும் கதையை அதன் கையிலிருந்து வாங்குவது. அதில் ஒரு தடை இருக்கிறது. அதையும் வள்ளுவர் வேறோர் அதிகாரத்தில் சொல்லிவைத்திருக்கிறார். நல்ல பொருளை நன்றாக உணர்ந்து சொன்னாலும் "நல்கூர்ந்தார் சொற்பொருள் சோர்வு படும்". ஏழை சொன்னால் எடுபடாது. குடித்த ஏழை சொன்னால்?

சென்னையில் இந்தக் கதவுகளில் ஒன்று 1980இல் திறந்தது. முன்னாள் மத்திய நிதியமைச்சர் டி.டி.கிருஷ்ணமாச்சாரியின் பேரன் டி.டி.ரங்கநாதன் குடிநோயால் இளம் வயதிலேயே இறந்தார். இந்த மாதிரிக் குடும்பங்களில் இது காதோடு காதாகப் பேசி முடிக்கும் விஷயம். அவருடைய மனைவி சாந்தி ரங்கநாதன் அதை வெளியே சொன்னார். கணவர் பெயரிலேயே ஓர் அறக்கட்டளையைத் தொடங்கி, குடிநோய்க்கென்றே சிகிச்சை மையம் நடத்தினார். அடையாறு பக்கம் 'டி.டி.கே. மருத்துவமனை' என்றால் ஆட்டோக்காரருக்கும் தெரியும். 1992இல் பத்மஸ்ரீ கிடைத்தது. ஒரு பெரிய வீட்டு மருமகள் 'என் கணவருக்கு இருந்தது நோய்' என்று சொன்னதால் இன்னும் எத்தனையோ பெண்கள் தங்கள் வீட்டு ஆணை மருத்துவமனைக்குக் கூட்டிவரத் துணிந்திருப்பார்கள். அவர் பேச்சு எடுபட்டதில் குடும்பப் பெயருக்கும் பங்கு உண்டு என்று சொல்வதால் அதன் மதிப்பு குறையாது.

அந்த மையம் செய்தவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது மஞ்சக்குடி. தஞ்சைப் பக்கத்துக் கிராமம், இன்று திருவாரூர் மாவட்டம். குடிநோயாளியை நகரத்துக்கு வரச் சொல்வதற்குப் பதிலாக, சிகிச்சையையே ஊருக்குள் முகாமாகக் கொண்டுபோனார்கள். அதைப் பற்றிய கட்டுரை 1994இல் 'அடிக்‌ஷன்' ஆய்விதழில் வந்தது. தினக்கூலிக்காரர் சென்னைக்கு வந்து வாரக்கணக்கில் படுத்தால் வீட்டில் உலை கொதிக்காது என்பது முதல் காரணம். இரண்டாவதுதான் நம் பேச்சுக்கு முக்கியம்: ஊர் பார்க்கிறது. நேற்றுவரை வேலிக்காலில் கிடந்தவர் வியர்த்து, நடுங்கி, தூக்கமில்லாமல் தவித்து, பிறகு மெல்லத் தெளிவதை ஊரே பார்க்கிறது. அவரும் அவரைப்போன்ற பத்துப் பேரும் சேர்ந்து பேசுகிறார்கள். அந்த ஊரில் இனி ஒருவன் 'அவன் திருந்த மாட்டான்' என்று சொன்னால், மறுத்துக் காட்ட ஓர் ஆள் அங்கேயே நடமாடுகிறான்.

இந்தப் பார்த்துப் பழகுதல்தான் களங்கப் பார்வையை உடைப்பதில் அதிகம் பலன் தருவது என்று உளவியல் ஆய்வுகளும் சொல்கின்றன. மனநோய் குறித்த வெறுப்பைக் குறைக்கும் முயற்சிகளைப் பற்றிய ஆய்வுகளைப் பாட்ரிக் கோரிகன் குழு 2012இல் தொகுத்துப் பார்த்தது. பெரியவர்களிடம், தகவல் சொல்லிக்கொடுப்பதைவிட, நோயிலிருந்து மீண்ட ஒருவரை நேரில் சந்திக்க வைப்பது கூடுதல் மாற்றத்தைக் கொண்டுவந்தது. பாட்டிலில் "மது நாட்டிற்கு வீட்டிற்கு உயிருக்குக் கேடு" என்று அச்சடிப்பதன் எல்லை இதில் விளங்கும். (2024-25இல் அரசுக்கு 48,000 கோடி ரூபாய்க்கு மேல் வருவாய் தந்த பாட்டிலில் அந்த வாசகத்தைப் படிக்கும்போது எனக்குச் சிரிப்பு வந்துவிடும், வேறு விஷயம்.)

ஆனால் சந்திப்பு எங்கே நடக்கிறது? இரவுப் பணி மருத்துவர் பார்ப்பது ரத்த வாந்தி எடுத்தவரை. போலீஸ்காரர் பார்ப்பது அடிதடி செய்தவரை. மீண்டவர் மருத்துவரிடம் வரமாட்டார், அவருக்கு அங்கே வேலை இல்லை. பெயர் சொல்லாக் குழுவில் சேர்ந்தவர் பொதுவெளியில் தன்னைக் காட்டிக்கொள்ளவும் மாட்டார். விளைவு, குடிநோயாளிகளை அதிகம் சந்திக்கிறவர்களே அவர்களில் மோசமான நிலையில் இருப்பவர்களை மட்டும் சந்தித்து, எல்லாரும் இப்படித்தான் என்று முடிவுகட்டுகிறார்கள். இந்தியாவில் சிகிச்சை எட்டும் தொலைவும் அப்படி இருக்கிறது. எய்ம்ஸ் நடத்தி 2019இல் வெளியான தேசியக் கணக்கெடுப்பின்படி, மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவருக்குத்தான் ஏதாவதொரு சிகிச்சை கிடைத்திருக்கிறது. உள்நோயாளியாகச் சேர்ந்தவர் 180க்கு ஒருவர்.

ஏழ்மை எப்படி இதற்குள் வருகிறது? 'வறுமைக்குக் காரணம் குடி' என்ற ஒற்றை வரியைச் சந்தேகப்பட வைக்கும் இரண்டு ஆய்வுகள், தற்செயலாக, தமிழ்நாட்டில்தான் நடந்தன.

முதலாவது விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டக் கரும்பு விவசாயிகளிடம். கள்ளக்குறிச்சியும் அப்போது விழுப்புரம் மாவட்டம்தான். 54 கிராமங்களில் 464 விவசாயிகளுக்கு, கரும்பு வெட்டுக்கு முன் கையில் காசில்லாத காலத்திலும், ஆலைப் பணம் வந்த பிறகும், சிந்தனைத் திறன் சோதனைகள் வைத்தார்கள். அதே ஆள், அதே மூளை. பணம் வருவதற்கு முன் மதிப்பெண் குறைந்தது. 2013இல் 'சயின்ஸ்' இதழில் வந்த ஆய்வு இது. குடியைப் பற்றியதே அல்ல. கடன், வட்டி, ரேஷன், பள்ளிக் கட்டணம் என்று கணக்குப் போட்டுக்கொண்டே இருக்கும் தலையில் வேறு முடிவுகளுக்கு இடம் குறைகிறது என்பதுதான் ஆய்வாளர்களின் விளக்கம்.

இரண்டாவது சென்னை சைக்கிள் ரிக்‌ஷா ஓட்டிகள் 229 பேரிடம். பொருளியலாளர் ஃபிராங்க் ஷில்பாக் செய்தது, 2019இல் வெளியானது. தினமும் ஆய்வு அலுவலகத்துக்கு வர வேண்டும், மூச்சை ஊதிக் காட்ட வேண்டும். குடிக்காமல் வந்தால் கூடுதல் பணம் என்று ஒரு பிரிவினருக்குச் சொன்னார்கள். அவர்கள் அங்கேயே சேமித்த தொகை சுமார் 50 சதவீதம் உயர்ந்தது. இதுவரை எதிர்பார்த்ததுதான். பிறகு ஒரு தேர்வு கொடுத்தார்கள்: குடித்தாலும் குடிக்காவிட்டாலும் கிடைக்கும் பணமா, குடிக்காமல் வந்தால் மட்டும் கிடைக்கும் பணமா? பாதிக்கும் மேற்பட்டவர்கள், கைக்கு நிச்சயமாக வரும் காசையும் விட்டுக்கொடுத்து, இரண்டாவதைக் கேட்டார்கள். தன்னைக் கட்டிப்போடும் கயிற்றைத் தானே காசு கொடுத்து வாங்கத் தயாராக இருந்தார்கள். 'இவர்களுக்கு விட மனசில்லை' என்று சொல்கிறவர்கள் இந்த ஒரு தகவலோடு சற்று நேரம் உட்கார வேண்டும்.

சாயங்காலம் ரிக்‌ஷாவை நிறுத்தும்போது தொடையும் முதுகும் விண்விண் என்று தெறிக்கும். கட்டிங் போட்டால் தூக்கம் வரும். 'உடம்பு வலிக்குத்தாங்க' என்பதைச் சாக்கு என்றுதான் நாம் கேட்டுப் பழகியிருக்கிறோம். அது அவர் கதையின் முதல் வரி. அச்சு அந்த வரியை வெட்டிவிட்டு 'கெட்ட சகவாசத்தில் குடிக்கக் கற்றுக்கொண்டேன்' என்று தொடங்கச் சொல்கிறது.

அந்த முதல் வரியை வெட்டாமல் சொன்னால் என்ன ஆகும் என்பதற்கு, பக்கத்து ஆந்திரத்தில் ஓர் உதாரணம் இருக்கிறது. 1990களின் தொடக்கத்தில் நெல்லூர் மாவட்டத்தில் அறிவொளி வகுப்புகள் நடந்தன. எழுத்துக் கற்றுக்கொள்ள வந்த பெண்களின் பாடப் புத்தகத்தில், சாராயத்தால் சீரழியும் ஒரு குடும்பத்துப் பெண்ணின் கதையும் இருந்தது. படித்த பெண்கள், இது நம் கதைதானே என்று ஆளுக்கொன்றாகச் சொல்ல ஆரம்பித்தார்கள். துபகுண்டா கிராமத்துப் பெண்கள் 1992இல் சாராயக் கடையை மூட வைத்தார்கள். தீ மாவட்டம் முழுக்கப் பரவி, 1993 அக்டோபர் 1 அன்று மாநிலமே சாராயத்தைத் தடை செய்தது. அங்கே அரசே பாக்கெட்டில் சாராயம் விற்றுக்கொண்டிருந்த காலம் அது. 'என் புருஷன் குடிகாரன்' என்ற தனித்தனி வெட்கங்கள் ஒரே திண்ணையில் கூடியபோது, கேள்வி 'சாராயம் ஊருக்குள் எப்படி வருகிறது, யாருக்கு லாபம்' என்று மாறியது. 1995இல் வந்த முழு மதுவிலக்கு 1997இல் தளர்ந்துபோனது. அது வேறு கதை. அந்தத் திண்ணையில் குடித்த ஆண்களின் கதைக்கு இடமிருந்ததாகவும் தெரியவில்லை.

பகிர்தல் என்ற பெயரில் நடக்கும் வேறு சிலவற்றையும் சொல்ல வேண்டும். கடை வாசலில் மைக்கை நீட்டி, நிற்கத் தெரியாத மனிதரைப் பேச வைத்துச் சிரிப்பொலி சேர்த்துப் போடும் வீடியோக்கள் பகிர்தலில் சேராது. தெளிந்த பிறகு அவரிடம் யாரும் அனுமதி கேட்டதில்லை. அவர் மகளுக்கு வரன் பார்க்க வருகிறவர்கள் அந்த வீடியோவைப் பார்த்திருப்பார்கள். பெயர் சொல்லாமை என்ற விதியின் அருமை இங்கேதான் தெரிகிறது. இன்னொரு வகை, மேடை ஏறும் வெற்றிக் கதை. "ஒரே நாளில் தூக்கிப் போட்டேன், மனசு வைத்தால் யாராலும் முடியும்." சொல்கிறவர் நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார். ஆனால் வருஷக்கணக்கில் தினமும் குடித்த உடம்பு திடீரென்று நிறுத்தினால், இரண்டு மூன்று நாளில் வலிப்போ சித்தப்பிரமையோ வரலாம், சிலருக்கு உயிரே போகலாம். தயமின் (வைட்டமின் பி1) ஊசியும் நடுக்கத்துக்கான மருந்தும் மருத்துவமனையில் கொடுப்பது அதனால்தான். அரசு மருத்துவக் கல்லூரிகளின் மனநலப் பிரிவுகளில் இதற்குப் பணம் கட்ட வேண்டியதில்லை. எங்கே போவது என்று தெரியாவிட்டால் 14446 என்ற தேசிய உதவி எண் இருக்கிறது. வெற்றிக் கதைகளில் இந்த ஊசிக்கும் எண்ணுக்கும் இடம் கிடைப்பதில்லை.

ஒரு முறை, வெளியாட்களும் வரலாம் என்று அனுமதித்த கூட்டம் ஒன்றுக்குப் போனேன். ஒரு தேவாலயத்தின் பின்புறக் கூடம், பிளாஸ்டிக் நாற்காலிகள், பால் அதிகமான டீ. அங்கே கேட்டதை வெளியே சொல்லக் கூடாது, சொல்லப் போவதில்லை. வாசலில் பார்த்ததைச் சொல்லலாம் என்று நினைக்கிறேன். கூட்டம் ஏழு மணிக்கு. சிமெண்ட் படிந்த காலோடு ஒருவர் ஏழே முக்காலுக்கு வந்தார், முடியும்வரை கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். வெளியே வந்து செருப்பை மாட்டிக்கொண்டே, அடுத்த கூட்டம் என்றைக்கு என்று விசாரித்தார். சனிக்கிழமை என்றார்கள். "சனிக்கிழம சம்பளம் போடுவாங்க சார், மேஸ்திரி வர்றதுக்கே எட்டாயிடும். ஞாயித்துக்கிழம காலைல எங்கயாச்சும் வெப்பாங்களா?" என்று கேட்டார். அங்கிருந்தவர் டைரியை எடுத்துப் புரட்ட ஆரம்பித்தார்.